போர் முடிந்தது 2009-இல், திவாலானது 2022-இல்: இலங்கையில் நடுவில் நடந்தது என்ன?

கூடலூர், பந்தலூர் பக்கம் இலங்கைச் செய்தியை யாரும் வெளிநாட்டுச் செய்தியாகப் படிப்பதில்லை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்து சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு கிளை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கிறது. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு இறங்கி வன்னிக்குப் போன சொந்தங்கள் என்றால் கிளிநொச்சி, வவுனியா. அங்கிருந்து போனில் வரும் சேதியும் தொலைக்காட்சியில் வரும் செய்தியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதுதான் இங்கே பலருக்குக் குழப்பம். ஒரு நாள் ராணுவத்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்கள் என்கிறார்கள், மறுநாள் சர்வதேச நாணய நிதியத்தின் அடுத்த தவணை என்கிறார்கள், அப்புறம் மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று ஒரு சண்டை. போரில் ஜெயித்த அரசாங்கம் 13 ஆண்டுகளில் பெட்ரோல் வாங்கக் காசில்லாமல் எப்படி நின்றது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

பாதுகாப்பு, ஆட்சி, பொருளாதாரம் மூன்றையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்கிற வரை இது புரியாது. மூன்றும் ஒரே முடிச்சு. துப்பாக்கிச் சத்தம் 2009 மே மாதம் நின்றது, போருக்காகக் கட்டிய அமைப்பு நிற்கவில்லை. அதற்குச் சம்பளம், அதற்கு நிலம், அதற்குச் சட்டம் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2009 மே மாதம் கையில் இருந்தது என்ன

1983 ஜூலையில் தொடங்கிய போர் 26 ஆண்டு நடந்தது. முடியும்போது வன்னியிலிருந்து வெளியேறிய கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் இருந்தார்கள். அவற்றில் மிகப் பெரிய மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். வயல், தோட்டம், பள்ளிக்கூட மைதானம் எல்லா இடத்திலும் கண்ணிவெடி. கிளிநொச்சியைத் தலைமையிடமாக வைத்துப் புலிகள் நடத்திய நிர்வாகம், அவர்களின் வரி, காவல், நீதிமன்றம் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்துவிட்டன. அந்த வெற்றிடத்தில் யார் போய் உட்காருவார்கள் என்பதுதான் அன்றைக்கு இருந்த உண்மையான கேள்வி. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு நிர்வாகம் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தது ராணுவம்.

படை ஏன் வீட்டுக்குப் போகவில்லை

2023 ஜனவரியில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகமே ஒரு கணக்கைச் சொன்னது: தரைப்படையில் அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 2,00,783, இதை 2024-க்குள் 1,35,000 ஆகவும் 2030-க்குள் 1,00,000 ஆகவும் குறைப்போம் என்றது. போர் முடிந்து 13 ஆண்டுக்கு மேல் கழித்தும் 2 லட்சம் என்ற எண் தாளில் நின்றது என்பதைக் கவனியுங்கள். 2 கோடி சொச்சம் மக்கள்தொகை உள்ள நாடு அது, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கடற்படையும் விமானப்படையும் இந்தக் கணக்கில் சேராது.

ஏன் குறைக்கவில்லை என்பதற்கு வடக்கைப் பிடித்து வைக்கத்தான் என்று ஒரே வரியில் பதில் சொல்வார்கள். அது ஒரு காரணம்தான்.

1. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தெற்கிலும் வடமத்திய மாகாணத்திலும் உள்ள ஏழைச் சிங்களக் கிராமத்துப் பையன்கள். அந்தக் கிராமங்களுக்கு ராணுவச் சம்பளம்தான் நிலையான வருமானம். வேறு வேலை உருவாக்காமல் ஆளைக் குறைத்தால் அந்த ஓட்டு போய்விடும் என்று எல்லாக் கட்சிக்கும் பயம்.

2. சும்மா இருக்கும் படைக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் ராணுவம் விவசாயப் பண்ணை நடத்தியது, கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 சாலையோரம் தேநீர்க் கடை நடத்தியது, காங்கேசன்துறையில் தல்செவன என்ற பெயரில் கடலோர விடுதி நடத்தியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூடச் சம்பளம் கொடுத்தது. தெற்கிலும் இதே போக்குதான்: 2010-இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள்.

3. அரசின் சம்பளக் கணக்கில் பெரும் துண்டு பாதுகாப்புத் துறைக்குப் போகிறது, ஓய்வூதியம் தனி. ஒருவரை இன்று அனுப்பினாலும் அவர் ஓய்வூதியம் பல பத்தாண்டு ஓடும். ஆகவே குறைப்பதன் லாபம் உடனே கணக்கில் தெரியாது.

இரண்டாவது புள்ளியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முகாமை விட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த ஒரு கிளிநொச்சிக்காரர் காய்கறி விளைவித்துச் சந்தைக்குக் கொண்டு போகிறார். பக்கத்திலேயே அரசுச் சம்பளத்தில் உள்ள ஆட்களை வைத்து ராணுவப் பண்ணை விளைவிக்கும் காய்கறியும் அதே சந்தைக்கு வருகிறது. கூலி கொடுக்க வேண்டாத, நிலத்துக்கு வாடகை கொடுக்க வேண்டாத ஒரு போட்டியாளரோடு அவர் எப்படி மல்லுக்கட்டுவார்? வடக்கின் பொருளாதாரம் ஏன் எழவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் பாதுகாப்புக் கணக்கிலேயே இருக்கிறது.

தற்காலிகம் என்று வந்த சட்டம்

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகச் சட்டமாக வந்தது, 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. நம் ஊரில் தடா சட்டத்தில் இருந்த அதே ஆபத்தான பிரிவு இதிலும் உண்டு: உதவி போலீஸ் சூப்பிரண்டு தரத்தில் உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகும். தடா 1995-இல் காலாவதியானது. இலங்கையில் அவசரகால நிலையை 2011-இல் எடுத்தார்கள், இந்தச் சட்டத்தை எடுக்கவில்லை. மாற்றுச் சட்டத்துக்கு 2018-இலும் 2023-இலும் வரைவு வந்து நின்றுபோனது. 2022-இல் விசாரணையில்லாத் தடுப்புக் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாக்கினார்கள், அவ்வளவுதான்.

தமிழ் இளைஞர்களுக்கென்று வந்த சட்டம் அவர்களோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது பாய்ந்தது, 2020-இல் ஒரு வழக்கறிஞரும் தமிழில் எழுதுகிற ஓர் இளம் கவிஞரும் உள்ளே போனார்கள். 2022-இல் கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராக நடந்த போராட்டம் முடிந்ததும் சிங்கள மாணவர் தலைவர்கள் மீதே பாய்ந்தது.

மாகாண சபை: அலுவலகம் இருக்கிறது, அதிகாரம் எங்கே

1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் போட்ட ஒப்பந்தத்தின் விளைவு 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். இந்தியாவின் மாநிலச் சட்டமன்றம் மாதிரி ஒன்றை மாகாணத்துக்குக் கொடுப்பது அதன் நோக்கம். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒன்றாக்கப்பட்டன. 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று சொல்ல, 2007-இலிருந்து இரண்டு மாகாணமாகிவிட்டன.

இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. மாகாண முதலமைச்சர் என்றதும் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்திருக்கிற முதலமைச்சரை நினைத்துக்கொள்கிறோம். சட்டப் புத்தகத்தில் காணி (அதாவது நிலம்), போலீஸ் இரண்டும் மாகாணத்தின் பட்டியலில் இருக்கின்றன. நடைமுறையில் இன்றுவரை கொழும்பு விட்டுக்கொடுக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில்தான் கடிவாளம். 2009 முதல் 2015 தொடக்கம் வரை வட மாகாண ஆளுநராக இருந்தவர் ஜி. ஏ. சந்திரசிறி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்தவர். போரை நடத்திய அதே கை நிர்வாகத்தையும் நடத்தியது என்றால் மிகையில்லை.

வடக்கு தனி மாகாணமான பிறகு 2013 செப்டம்பரில்தான் அங்கே முதல் மாகாண சபைத் தேர்தல். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர். வெளிநாட்டுத் தமிழர்களின் பணத்தைச் சட்டப்படி வாங்கி வடக்கில் செலவழிக்க முதலமைச்சர் நிதியம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அதற்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை. சபைக்குள் நடந்த உட்பூசலும் சேர்ந்து ஐந்தாண்டு வீணானது, அதில் தமிழ்த் தலைவர்களுக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது.

2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. 2017-இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள், தொகுதி எல்லை அறிக்கை 2018-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது, பழைய முறைக்குத் திரும்பவும் இல்லை. 2025 முழுவதும் கழிந்தும் இதே நிலை. நாட்டின் 9 மாகாணங்களையும் ஆளுநர்களே நடத்துகிறார்கள், சிங்கள மாகாணங்கள் உட்பட.

நிலம்: முடிச்சின் நடுப்பகுதி

இங்கே எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் விளக்கம் அதிகம் தேவையில்லை. 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் பிரிவு 17-இல் உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தும், பட்டா இல்லை, மின் இணைப்புக்கு அலைச்சல், வனத்துறை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற பயத்தோடு கூடலூர் தாலுகாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வடக்கில் அதே பயம், அதன் மேல் துப்பாக்கி.

நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஆள் இல்லை:

1. ராணுவம். பலாலி விமானத் தளத்தைச் சுற்றி வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் என்று மக்களை வெளியேற்றியது 1990-இல். 2013-இல் அதில் 6,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள அறிவிப்பு போட்டார்கள். மக்கள் வழக்குப் போட்டுப் போராடி, 2015 முதல் துண்டு துண்டாகக் கொஞ்சம் திரும்பி வந்தது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் 2017-இல் பெண்கள் முகாம் வாசலிலேயே உட்கார்ந்துதான் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மீட்டார்கள்.

2. வனத்துறையும் வனவிலங்குத் துறையும். ஊர்க்காரர்கள் இடம்பெயர்ந்து இருபது ஆண்டு கழித்து வந்து பார்த்தால் வயலில் மரம் வளர்ந்து கிடக்கும். வர்த்தமானியில், அதாவது அரசிதழில், காடு என்று அறிவித்து எல்லைக் கல்லும் நட்டிருப்பார்கள்.

3. தொல்லியல் துறையும், மகாவலி ஆற்றுத் திட்டத்தை நடத்தும் மகாவலி அதிகார சபையும். இவற்றின் பெயரில் நடக்கும் குடியேற்றமும் புத்த விகாரை கட்டுவதும் கிழக்கிலும் முல்லைத்தீவிலும் ஓயாத சண்டை.

4. ஆவணம் இல்லாமை. உறுதி, அதாவது நிலப் பத்திரம், போரில் எரிந்தவர்கள், புலிகள் காலத்தில் கைமாறிய நிலத்தை வைத்திருப்பவர்கள், 1977-க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காட்டை வெட்டித் திருத்தி அனுமதிப் பத்திரமே இல்லாமல் குடியேறியவர்கள். கடைசியில் சொன்னவர்கள் நம் சொந்தங்கள். தோட்டத்தில் லயத்து (லைன் வீட்டு) அறையைத் தவிர எதுவும் இல்லாமல் இருந்தவர்கள், வன்னியிலும் காகிதம் இல்லாமலே போனார்கள்.

2025 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. வடக்கில் சுமார் 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்தில் யாரும் உரிமை கோராவிட்டால் அது அரசு நிலமாகும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்துக்காரர்களில் எத்தனையோ பேர் கனடாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்கிறார்கள், மூன்று மாதத்தில் எந்தக் காகிதத்தோடு போய் நிற்பார்கள்? எதிர்ப்பும் உச்ச நீதிமன்ற வழக்கும் வந்த பிறகு அரசு பின்வாங்கியது. இதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் காணி அதிகாரம் உள்ள மாகாண சபை ஒன்று இருந்திருந்தால் இந்த வர்த்தமானி வந்தே இருக்காது.

நிலம் இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. வங்கிக் கடன் இல்லாததால் வீடுவீடாக வந்து கொடுக்கும் நுண்கடன் கம்பெனியிடம் போனார்கள், அதிலும் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள்தான் அதிகம். குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்காரும் அவமானம் என்னவென்று இங்கேயும் தெரியும். நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், 2018-இல் வறட்சி மாவட்டப் பெண்களின் சிறு கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

பொருளாதாரம்: கடனை யாரிடம் வாங்கினார்கள்

போர் முடிந்த மூன்று ஆண்டுகளில் பொருளாதாரம் ஆண்டுக்கு 8, 9 சதவீதம் வளர்ந்தது. ஏ9 சாலை போட்டார்கள், இந்தியக் கடனுதவியில் வடக்கு ரயில் பாதை வந்தது, 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போனது. இதெல்லாம் நல்லதுதான். சிக்கல், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதில்.

எல்லாம் சீனக் கடன் என்று இங்கே டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை சொல்கிறார்கள், அது பாதிதான் சரி. அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கடனில் கட்டியது, 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது, உண்மை. ஆனால் கழுத்தை நெரித்தது 2007 முதல் உலகச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள். வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு, சலுகைக் காலம் கிடையாது. திவாலாகும்போது அந்தப் பத்திரங்களே சுமார் 1,250 கோடி டாலர். வாங்கிய கடனில் கட்டியவையோ டாலர் சம்பாதிக்கிற தொழில்கள் இல்லை. மத்தளையில் ஆளில்லாத விமான நிலையம் ஒன்று நிற்கிறது, பார்க்கலாம்.

இதன் மேல் வரிசையாக விழுந்த அடிகள்:

1. 2019 ஈஸ்டர் தாக்குதலில் சுற்றுலா படுத்தது, அடுத்து கொரோனா.

2. 2019 இறுதியில் புதிய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார். அரசு வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அதில் பெரும்பகுதி வட்டிக்கே போனது.

3. 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்துக்குத் தடை. தேயிலை தெரிந்தவர்கள் இதன் விளைவை உடனே புரிந்துகொள்வார்கள்: 2021-இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடியாகச் சரிந்தது. டாலர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் டாலர் கொண்டுவரும் பயிரையே அடித்தார்கள்.

2022 ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 70 சதவீதம் ஏறியது, ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவியது, தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

நிதியத்தின் முக்கிய நிபந்தனை இது: வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அரசின் வருவாய் அதன் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும், 2025 முதல் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீத அளவுக்கு. படையைக் குறை என்று அது சொல்லவில்லை. படையைத் தொடாமல் இந்தக் கணக்கை எட்ட மற்றவர்களிடம் கூடுதலாக வாங்கினார்கள்: மின்கட்டணம் ஏறியது, மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் வாங்கும் சோப்பிலும் அந்த 18 சதவீதம் இருக்கிறது.

இப்போதைய அரசு

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார், நவம்பரில் அவர் கூட்டணி 225-இல் 159 இடம் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6-இல் 3 இடம். ஒரு சிங்களத் தலைமைக் கட்சிக்கு யாழ்ப்பாணம் இப்படி ஓட்டுப் போட்டதே இல்லை. பழைய தமிழ்க் கட்சிகள் மேல் இருந்த வெறுப்பும் மாற்றம் வரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்த ஓட்டு அது. 2025 ஏப்ரலில் 1990 முதல் மூடிக் கிடந்த பலாலி வீதியைத் திறந்தார்கள், நேரக் கட்டுப்பாட்டோடு. அதே ஆண்டு யாழ்ப்பாணம் பக்கம் செம்மணியில் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையதும். 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களுக்கு இன்னும் ஒரு பெயருக்குக்கூடப் பதில் வரவில்லை. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கையில் இருக்கும் அரசு இது. மாகாணத் தேர்தலை நடத்தவும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுக்கவும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

திரும்பிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இன்னும் 50 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் மலையக வழி வந்தவர்கள், கூடலூர்க் குடும்பங்களோடு கொண்டான் கொடுத்தான் உறவுள்ளவர்கள். போர்தான் முடிந்துவிட்டதே என்று அவர்களிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே திரும்பிய ஒரு முதியவரை, போர்க்காலத்தில் முறையில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு விடுவித்தார்கள்.

போக நினைப்பவர்கள் கிளம்பும் முன்பு மூன்று விஷயத்தை ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் சொல்லிப் பிரதேச செயலகத்தில் (நம் தாலுகா ஆபீஸ் மாதிரி) விசாரிக்க வேண்டும். நிலத்துக்கு உறுதியோ அனுமதிப் பத்திரமோ யார் பெயரில் இருக்கிறது, அந்த இடம் வனத்துறை வர்த்தமானிக்குள் வருகிறதா, கண்ணிவெடி அகற்றிய பகுதி என்று சான்று இருக்கிறதா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றும் முதலில் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் போனால் அங்கே பள்ளிக்கூடச் சேர்க்கையிலிருந்து அடையாள அட்டை வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.